தொண்டையில் ஏதோ நிக்குது: ஒரு நோய்ப்பெயரும் ஒரு மாத்திரையும்

தொண்டையில உருண்டை மாதிரி ஏதோ நிக்குது, முழுங்கினாலும் போகல. அடிக்கடி கனைக்க வேண்டியிருக்கு. காலையில குரல் கட்டிக்குது. இந்தப் புகாரோடு இ.என்.டி. டாக்டரைப் பார்க்கப் போன பலருக்கும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்: "வயித்திலிருந்து ஆசிட் மேல வருது." நெஞ்செரிச்சலே இல்லையே டாக்டர் என்றால், "இது சத்தமில்லாம வர்ற வகை" என்பார். பிறகு சீட்டில் பான்டோபிரசோல், லான்சோபிரசோல், எசோமெப்ரசோல் என்று அந்தக் குடும்பத்தில் ஒன்று. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால்.

வயிற்றில் இருப்பது தொண்டை வரை ஏறி வருவதை நம்ம ஊரில் எதுக்களிப்பு என்பார்கள். அது குரல்வளையைப் புண்ணாக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. 1991-ல் ஜேமி காஃப்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 225 நோயாளிகளை வைத்து எழுதிய நீண்ட ஆய்வுக்குப் பிறகுதான் இந்த எண்ணம் இ.என்.டி. உலகில் வேகமாகப் பரவியது. என்னுடைய கேள்வி வேறு. உங்களுக்கு, எனக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நோயாளிக்கு இருப்பது எதுக்களிப்புதான் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? இதற்குப் பெரும்பாலும் மூன்று சாட்சிகளைக் கூப்பிடுகிறார்கள். மூன்றையும் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம்.

முதல் சாட்சி: கேள்வித்தாள்

2002-ல் பீட்டர் பெலாஃப்ஸ்கியும் காஃப்மனும் சேர்ந்து வெளியிட்ட "எதுக்களிப்பு அறிகுறிக் குறியீடு" இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 45. 13-ஐத் தாண்டினால் சந்தேகம்.

கேள்விகளைப் பாருங்க. குரல் கரகரப்பு. கனைப்பு. சளி கட்டுவது. விழுங்கச் சிரமம். சாப்பிட்டதும் படுத்ததும் வரும் இருமல். மூச்சுத் திணறல். தொல்லை தரும் இருமல். தொண்டையில் ஏதோ ஒட்டியிருக்கும் உணர்வு. கடைசியாக, நெஞ்செரிச்சல் அல்லது அஜீரணம்.

வயிற்றை நேராகத் தொடுவது அந்தக் கடைசிக் கேள்விதான். மற்றவை அலர்ஜி, ஆஸ்துமா, சைனஸ், புகைப்பழக்கம், நாள் முழுக்கக் கத்திப் பாடம் நடத்தும் தொழில், மனக்கவலை என்று எதற்கும் பொருந்தும். ஒரு ஆசிரியை மார்ச் மாதம் இதை நிரப்பினால் தாராளமாக 13-ஐத் தாண்டலாம். இந்தத் தாள் அளப்பது தொண்டைத் தொந்தரவின் கனத்தை. அந்த வேலையை ஒழுங்காகவே செய்கிறது. ஆனால் தலைப்பிலேயே "எதுக்களிப்பு" என்று அச்சடித்துவிட்டதால், மதிப்பெண் கூடினால் எதுக்களிப்பு என்று படித்துவிடுகிறோம். விடையை வினாத்தாளின் தலைப்பிலேயே எழுதி வைத்த கதை.

இரண்டாம் சாட்சி: கேமரா

மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு குரல்வளையைப் பார்ப்பார்கள். பின்பக்கம் சிவந்திருக்கு, வீங்கியிருக்கு, அதனால எதுக்களிப்பு என்பது வழக்கமான வாசகம். கண்ணால் பார்த்த சாட்சியாச்சே என்று நமக்கும் நம்பிக்கை வந்துவிடும்.

ஆனால் 2002-ல் எந்தத் தொந்தரவும் இல்லாத 105 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் குரல்வளையைப் பார்த்தார்கள். 80 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு, எதுக்களிப்பின் அடையாளம் என்று சொல்லப்படும் மாற்றங்களில் ஏதோ ஒன்று இருந்தது. அதே வருடம் வேறொரு ஆய்வில் ஐந்து இ.என்.டி. நிபுணர்களுக்கு 120 வீடியோத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். எவ்வளவு சிவப்பு, எவ்வளவு வீக்கம், இது எதுக்களிப்பால்தானா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. இன்னொன்று: கனைக்கக் கனைக்கவே குரல்வளை எரிச்சலாகும். அப்போ சிவப்பு, கனைப்புக்குக் காரணமா, கனைப்பின் விளைவா? கேமராவுக்கு அது தெரியாது.

கேமராவே வேண்டாம் என்று இதைப் படித்துவிடாதீர்கள். கட்டி இருக்கிறதா, குரல் நாண் அசைகிறதா என்று பார்ப்பதில் அதற்கு ஈடு இல்லை. சிவப்பை வைத்து ஆசிட்டுக்கு ஜோசியம் சொல்வதில்தான் அது தடுமாறுகிறது.

மூன்றாம் சாட்சி: மாத்திரை

"மாத்திரை போட்டேன், குறைஞ்சுது, அப்போ ஆசிட்தானே?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பெலாஃப்ஸ்கியின் கேள்வித்தாள் ஆய்விலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. எதுக்களிப்பு உண்டென்று அமில அளவுச் சோதனையில் உறுதியான 25 நோயாளிகள், ஆறு மாத சிகிச்சை. மதிப்பெண் சுமார் 21-லிருந்து சுமார் 13-க்கு இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட குழு கிடையாது.

அந்தக் குழுவைச் சேர்த்தால் என்ன ஆகும்? 2006-ல் அமெரிக்காவில் 145 பேரிடம் சோதித்தார்கள். எசோமெப்ரசோல் 40 மி.கி. இரண்டு வேளை, 16 வாரம். முக்கியத் தொந்தரவு முழுதாக நீங்கியவர்கள் மருந்துக் குழுவில் 14.7 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 16 சதவீதம்.

பிறகு வந்தது பிரிட்டனின் டாப்பிட்ஸ் ஆய்வு. ஜேம்ஸ் ஓ'ஹாரா குழுவினர் 2021-ல் பிஎம்ஜே இதழில் வெளியிட்டார்கள். எட்டு மருத்துவமனைகள், 346 நோயாளிகள், லான்சோபிரசோல் 30 மி.கி. இரண்டு வேளை, 16 வாரம். அளவுகோல் அதே ஒன்பது கேள்வி. மருந்துக் குழு 22.0-லிருந்து 17.4-க்கு வந்தது. வெற்று மாத்திரைக் குழு 21.7-லிருந்து 15.6-க்கு. ஆமா, சரியாத்தான் படிச்சீங்க: எண்ணளவில் வெற்று மாத்திரை ஒரு படி முன்னால். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான், அதை வைத்து மாத்திரை கெடுதல் என்று சொல்ல முடியாது. 12 மாதம் கழித்தும் 16.0-க்கு 13.6, அப்போதும் மருந்துக்குச் சாதகம் இல்லை.

இரண்டு குழுவும் தேறியதை மறந்துவிடாதீர்கள். சும்மா மாத்திரைக்கு எப்படிக் குறையும்? தொந்தரவு உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம், உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தான். "கட்டி ஒண்ணும் இல்ல" என்று கேட்டதுமே பாதி பாரம் இறங்கிவிடும். இதையெல்லாம் இத்தனை வருடம் மாத்திரையின் கணக்கில் வரவு வைத்திருக்கிறோம்.

டாப்பிட்ஸையும் கொஞ்சம் விசாரிப்போம்

இந்த ஆய்வும் குறையில்லாதது அல்ல. 346 பேரில் முக்கிய முடிவுக்குத் தகவல் தந்தவர்கள் 267 பேர். குறித்த கால வரம்புக்குள் தந்தவர்கள் 220 பேர்தான். அதைவிட, எதுக்களிப்பு உண்டா என்று உணவுக்குழாயில் கருவி வைத்து அளந்து ஆளைச் சேர்க்கவில்லை. அறிகுறியை வைத்துத்தான் சேர்த்தார்கள். உண்மையான எதுக்களிப்பு உள்ள சிறுபான்மைக்குப் பலன் கிடைத்து, அது கூட்டத்தில் கரைந்து போயிருக்கலாமே என்று விமர்சகர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் தினசரி ஓ.பி.யில் நடப்பதும் அதுவேதானே? அறிகுறியைக் கேட்டு, அளக்காமல் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தைத்தான் அவர்கள் சோதித்தார்கள். அந்தப் பழக்கம்தான் தோற்றது.

இன்னொரு வாதம்: தொண்டையைக் கெடுப்பது அமிலம் மட்டுமல்ல, பெப்சின் என்ற செரிமான நொதியும்தான், இந்த மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், மேலே ஏறி வருவதைத் தடுக்காது. இருக்கலாம். அப்படியென்றால் மாத்திரை எதற்கு? மாத்திரை கேட்டால் "எதுக்களிப்பு", கேட்காவிட்டால் "அமிலமில்லாத எதுக்களிப்பு" என்றால், எந்த விடை வந்தாலும் தோற்காத கருத்து அது. அப்படிப்பட்ட கருத்தை ஆய்வால் தொடவே முடியாது.

மாத்திரையை நிறுத்தும்போதும் ஒரு கண்ணி உண்டு. 2009-ல் டென்மார்க்கில் 120 ஆரோக்கியமானவர்களில் ஒரு பாதிக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல், பிறகு நாலு வாரம் வெற்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு பாதிக்கு 12 வாரமும் வெற்று மாத்திரை. கடைசி நாலு வாரத்தில் நெஞ்செரிச்சல் போன்ற அமிலத் தொந்தரவு வந்தது முதல் பாதியில் 44 சதவீதம் பேருக்கு, இரண்டாம் பாதியில் 15 சதவீதம் பேருக்கு. அடக்கி வைத்த சுரப்பு திரும்பி எகிறுகிறது. விஷயம் தெரியாதவர் "நிறுத்தினா வந்துடுது, எனக்கு நிஜமாவே ஆசிட்தான்" என்று மறுபடி ஆரம்பிப்பார்.

இதனால் என்ன நஷ்டம்?

பணம் ஒரு பக்கம். காலம்தான் பெரிய நஷ்டம். பீடி, சிகரெட், குடிப்பழக்கம் உள்ள ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்குக் குரல் கம்முகிறது என்று வைத்துக்கொள்வோம். குரல்வளையைப் பார்க்காமலே "ஆசிட்" என்று மூன்று மாதம் மாத்திரையில் ஓட்டினால், குரல் நாணில் இருக்கும் புற்று அந்த மூன்று மாதமும் வளரும். குரல் நாண் புற்றை ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால்தான் இந்தத் தாமதம் உறுத்துகிறது. அமெரிக்க இ.என்.டி. மருத்துவர் அமைப்பின் 2018 வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது: குரல்வளையைப் பார்க்காமல், அறிகுறியை மட்டும் வைத்துக் குரல் கம்மலுக்கு எதுக்களிப்பு மருந்து எழுதாதே. நான்கு வாரத்தில் சரியாகவில்லை என்றால் பார். ஆபத்துக்கு முகாந்திரம் இருந்தால் நான்கு வாரம்கூடக் காத்திருக்காதே.

நெஞ்செரிச்சல் நிஜமாகவே இருப்பவர்களுக்கும், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரைகள் அருமையான மருந்து. அவர்கள் யாரும் இந்தப் பதிவைப் படித்துவிட்டு டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். தொண்டைத் தொந்தரவு மட்டும் உள்ளவர்கள் அடுத்த முறை சீட்டு வாங்கும்போது மூன்று கேள்வி கேட்கலாம். என் குரல்வளையைப் பார்த்தாச்சா? எதுக்களிப்புன்னு எதை வச்சுச் சொல்றீங்க? இந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்திப் பார்க்கலாம்? நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.