காரும் ஜமுக்காளமும்

காரில் உட்கார்ந்தபடியே திறந்த வெளியில் சினிமாப் பார்ப்பதைப் பற்றி எனக்கு ஒரு காலத்தில் மிகவும் மட்டமான அபிப்பிராயம் இருந்தது. அப்படிப் பார்க்கிறவர்களுக்குச் சினிமாவும் பிடிக்காது, வீட்டில் இருக்கவும் பிடிக்காது, காரை விட்டு இறங்கவும் மனசு வராது என்று ஒரு நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்குச் சொந்தத்தில் கார் கிடையாது. நம் அபிப்பிராயங்களில் பாதி இப்படித்தான் உண்டாகின்றன.

ஆனாலும் நான் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. சினிமாவுக்கு இருட்டு வேண்டும். திறந்த வெளியில் முழு இருட்டு என்பது கிடையாது. நிலா இருக்கிறது; தூரத்துத் தெருவிளக்கு இருக்கிறது; தாமதமாக வருகிறவரின் கார் விளக்கு இருக்கிறது. சூரியன் அஸ்தமித்த பிறகுதான் படத்தை ஆரம்பிக்கவே முடியும். போதாததற்குத் திரைக்கும் நமக்கும் நடுவே ஒரு கண்ணாடி. சண்டையும் பாட்டும் துரத்தலும் எப்படியோ நம்மை வந்து சேர்ந்துவிடும். ஒரு பெண் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்து கொள்கிறாள் என்று வையுங்கள். அந்தக் குனிவு பாதி வழியிலேயே தங்கிவிடும். மெதுவாகப் பேசும் படத்துக்கு இது இடமல்ல என்று அன்று சொன்னேன். இன்றும் அதில் மாற்றமில்லை.

மாறியது வேறொன்று. அதைச் சொல்லுவதற்கு முன்னால் இந்த ஏற்பாடு எப்படி உண்டாயிற்று என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாகாணத்தில், ரிச்சர்டு ஹாலிங்ஸ்ஹெட் என்று ஒருவர் இருந்தார். தம் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அதன் முன்பகுதியின் மேல் ஒரு படக் கருவியை வைத்து, எதிரே மரங்களில் துணியைக் கட்டிப் படம் காட்டிப் பார்த்தார். மழை பெய்தால் என்ன ஆகும் என்று தெரிந்து கொள்ளத் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் காரின்மேல் திருப்பி விட்டாராம். முன்னால் நிற்கும் கார் பின்னால் நிற்கும் காரை மறைக்காமல் இருக்க, ஒவ்வொரு வரிசையிலும் தரையைச் சற்றுச் சரிவாக மேடாக்கினார். இதற்கு 1933 மே மாதம் காப்புரிமை வாங்கி, அடுத்த மாதம் 6-ஆம் தேதி காம்டன் நகருக்குப் பக்கத்தில் முதல் கொட்டகையைத் திறந்தார். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட். குழந்தைகள் எவ்வளவு கூச்சல் போட்டாலும் பாதகமில்லை, குடும்பத்தோடு வாருங்கள் என்பது அவர் விளம்பரத்தின் சாரம். நாற்காலியில் அடங்காத கனத்த சரீரம் கொண்ட தம் தாயாருக்காகவே இதைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை சொல்லுகிறார்கள். கதை நிஜமோ பொய்யோ, கண்டுபிடிப்பின் உள்ளர்த்தத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறது. தியேட்டருக்குள் இருக்க முடியாதவர்களுக்காக ஏற்பட்ட தியேட்டர் இது.

ஆரம்பத்தில் திரைக்கு அருகிலேயே பெரிய ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். படம் பார்க்காதவர்களும் வசனம் கேட்க வேண்டியதாயிற்று. பிற்பாடு 1941-ல் கார் ஜன்னலில் மாட்டிக் கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி வந்தது. யுத்தம் முடிந்ததும் புறநகர், கார், குழந்தை மூன்றும் பெருகின. 1958 வாக்கில் அமெரிக்காவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட திறந்தவெளிக் கொட்டகைகள் இருந்தன. குழந்தைகளுக்கு ராத்திரி உடுப்பைப் போட்டே அழைத்து வருவார்கள். திரைக்குக் கீழே ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும். முதல் படம் முடிவதற்குள் குழந்தை பின் ஸீட்டில் தூங்கிப் போகும். பெற்றோர் இரண்டாவது படத்தை நிம்மதியாகப் பார்ப்பார்கள். பிற்பாடு நிலத்தின் விலை ஏறிற்று. டெலிவிஷனும் அதன் பின் வீடியோவும் வந்தன. இப்போது அங்கே சில நூறுதான் மிச்சம்.

இவ்வளவு சௌகரியம் செய்து கொடுத்த ஏற்பாடு, ஒன்றை எடுத்துக் கொண்டும் விட்டது. பக்கத்து ஸீட்டுக்காரனை எடுத்துக் கொண்டது. முன்பின் தெரியாத நானூறு பேரோடு ஏககாலத்தில் சிரிப்பது என்பது சினிமாவின் பாதி இன்பம். அவரவர் காருக்குள், அவரவர் ஒலிபெருக்கியோடு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால், சிரிப்பு அந்தந்தக் காரிலேயே நின்று போகிறது.

இதைச் சினிமாக்காரர்களே உணர்ந்திருக்கிறார்கள். பீட்டர் போக்டனோவிச் 1968-ல் எடுத்த ‘டார்கெட்ஸ்’ என்ற படத்தின் கடைசிப் பகுதி முழுவதும் இப்படிப்பட்ட ஒரு கொட்டகையில் நடக்கிறது. வெறி பிடித்த ஓர் இளைஞன் திரைக்குப் பின்னால் ஏறி, திரையிலுள்ள ஓட்டை வழியாகக் கார்களில் இருப்பவர்களைத் துப்பாக்கியால் சுடுகிறான். பயங்கரம் சுடுவதில் மட்டும் இல்லை. ஒரு காரில் சாவு நேர்ந்தது அடுத்த காருக்கு வெகு நேரம் தெரிவதில்லை என்பதில் இருக்கிறது. திரையில் பழைய பேய்ப் படம் ஓடிக்கொண்டேயிருக்கிறது. அத்தனை பேர் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் தனியாக இருக்கிறார்கள். இதைக் காட்ட டைரக்டர் ஒரு வார்த்தை வசனம்கூடச் செலவழிக்கவில்லை. கார்களின் வரிசையைக் காட்டினார், அவ்வளவுதான். போரிஸ் கார்லாஃப் அதில் வயோதிக நடிகராக வருகிறார். அவருக்காக மட்டுமே இன்னொரு தடவை பார்க்கலாம்.

இந்த மாதிரி நினைப்பவனுக்கு டூரிங் கொட்டகையில் வளர்ந்த பால்யம் இருப்பதில் ஆச்சரியம் என்ன? எங்கள் ஊர் ஆற்றங்கரையில் கீற்றும் படுதாவுமாக ஒரு கொட்டகை இருந்தது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் படக் கருவியைத் தூக்கிக் கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினாரே, அந்த வம்சத்தின் கடைசிக் கொழுந்துகளில் ஒன்று. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு வைத்தால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அப்பா என்னைத் தோளில் தூக்கிக் கொண்டு ஓடுவார். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து எனக்கு ஓர் ஆசனம் செய்து கொடுப்பார். ஒரே ஒரு கருவி. ஆகவே சுருள் மாற்ற மூன்று இடைவேளை. அங்கே யாரும் வாயை மூடிக் கொண்டு படம் பார்த்ததில்லை. வில்லனைப் பெண்கள் வைவார்கள். ‘பின்னாலே வரான், திரும்பு!’ என்று கதாநாயகனுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள். அப்பாவும் கொடுப்பார். அவர் தபாலாபீஸ் குமாஸ்தா, ஊரில் மரியாதைப்பட்டவர். மணலில் உட்கார்ந்தால் அந்த மரியாதையெல்லாம் செருப்போடு வெளியே போய்விடும்.

அப்பாவுக்கு 2009-ல் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு தேறின. பேச்சும் திரும்பி வந்தது. ஆனால் அளவு திரும்பி வரவில்லை. ரகசியம் சொல்லுகிறேன் என்று நினைத்துக் கொண்டு உரக்கப் பேசுவார். மறு வருஷம் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போனேன். எந்தத் தியேட்டர் என்பது முக்கியமில்லை; எதிலும் இதுதான் நடந்திருக்கும். படம் ஆரம்பித்துக் கால் மணி ஆவதற்குள், ‘இவன் நல்லவன் இல்லே!’ என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சிலர் சிரித்தார்கள். மறுபடி சொன்னார். பின்னாலிருந்து ஒருவர், “இவரையெல்லாம் ஏன் சார் வெளியிலே கூட்டிட்டு வரீங்க?” என்றார்.

அவரை நான் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பி, “பேசாம இருங்கப்பா” என்றேன். அதைக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அப்பா பேசாமல் இருந்தார். இடைவேளையில் காப்பி வேண்டுமா என்று கேட்டதற்கும் பேசவில்லை. அதற்குப் பிறகு நாலு வருஷம் சினிமாவுக்குக் கூப்பிட்டால் ‘கண் கூசுகிறது’ என்று சொல்லிவிடுவார்.

முன்பின் தெரியாத நானூறு பேரோடு சேர்ந்து ரசிப்பதைப் பற்றிச் சற்று முன்னால் பெரிதாக எழுதினேன் அல்லவா? அன்று நான் அந்த நானூறு பேரின் பக்கம் இருந்தேன்.

2014-ல் என் தங்கையின் வீட்டுக்காரர் ஒரு பெரிய காரை வாங்கினார். வாங்கிய காருக்கு ஒரு காரியம் வேண்டுமல்லவா? கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் பிரார்த்தனா என்ற திறந்தவெளித் தியேட்டர் இருந்தது. சென்னைக்காரர்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். அங்கே போகலாம் என்றார். “காரை விட்டு நீங்க இறங்கவே வேண்டாம் மாமா” என்று சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். அம்மா புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக் கொண்டாள். குழந்தைகள் தலையணையே எடுத்துக் கொண்டார்கள். நான் என் பழைய அபிப்பிராயத்தை எடுத்துக் கொண்டேன்.

போய்ச் சேர்ந்ததும் அந்த அபிப்பிராயத்தை வைக்க இடமில்லாமல் போயிற்று. காரில் உட்கார்ந்து பார்ப்பதற்காக ஏற்பட்ட அந்த இடத்தில், காருக்குள் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காரைத் திருப்பி நிறுத்திப் பின் கதவைத் தூக்கிவிட்டுக் குழந்தைகளை அதில் படுக்க வைத்திருந்தார்கள். காருக்கு முன்னால் ஜமுக்காளம், பாய், மடக்கு நாற்காலி. டிபன் காரியர்கள் திறந்து கொண்டிருந்தன. அமெரிக்காக்காரர் குடும்பத்தைக் கூட்டத்திலிருந்து பிரித்து வைக்க என்னென்னவோ செய்தார். நம் ஜனங்கள் கதவைத் திறந்து கொண்டு வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து, அதை டூரிங் கொட்டகையாகப் பண்ணிவிட்டார்கள்! மணலைக் குவிக்காததுதான் பாக்கி.

அப்பாவை முன் ஸீட்டிலேயே உட்கார வைத்துக் கதவைத் திறந்து வைத்தோம். நாங்கள் கீழே ஜமுக்காளத்தில். படம் ஆரம்பித்துச் சிறிது நேரம் அவர் வாயைத் திறக்கவில்லை. நாலு வருஷத்து வைராக்கியம். கதையில் ஒரு வீட்டில் பணம் காணாமற் போயிற்று. கணக்கப்பிள்ளை ஒருவன் திரையில் வந்து நின்றான்.

“இவன்தான் எடுத்தவன்!” என்றார் அப்பா.

என் உடம்பு பழக்கத்தினால் ஒரு தரம் விறைத்தது. பத்தடி தள்ளி இன்னொரு ஜமுக்காளம். அதிலிருந்து ஏழெட்டு வயசுப் பையன் ஒருவன் திரும்பினான்.

“எப்படித் தாத்தா தெரியும்?”

“முழியைப் பாரு!”

பையன் முழியைப் பார்த்தான். அவன் வீட்டாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு, கதையில் எந்தச் சிக்கல் வந்தாலும் அந்தப் பையன் திரையை விட்டுவிட்டுத் தாத்தாவைப் பார்ப்பான். தாத்தா தீர்ப்புச் சொல்லுவார். கடைசியில் பணத்தை எடுத்தவன் வேறொருவன் என்று தெரிந்தபோது, பையன் கைகொட்டிச் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாய் ஒரு பக்கமாகத்தான் சிரிக்கும். அம்மா மிச்சமிருந்த புளியோதரையை அந்த ஜமுக்காளத்துக்கு அனுப்பினாள். அங்கேயிருந்து முறுக்கு வந்தது.

இனி என் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். மௌனமாகப் பார்க்க வேண்டிய படங்களுக்கு நாலு சுவரும், வாய் திறக்காத மனிதர்களும் வேண்டும்தான். அதை விட்டுக் கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் ரசனை என்றால் மௌனம் என்று ஒரு விதியை ஏற்படுத்தி, அதற்கு உட்படாதவர்களை வெளியே நிறுத்தினோமே, அந்த விதி நமக்கு டூரிங் கொட்டகை கொடுத்ததல்ல. கைக்குழந்தைக்காரி, காது மந்தமானவர், ஓரிடத்தில் உட்கார முடியாத சிறுவன், அப்பாவைப் போன்றவர்கள், இவர்கள் எல்லாரும் ரசிகர்கள்தான். பேசினாலும் எழுந்து நடந்தாலும் யாரும் முறைக்காத தனிக் காட்சிகளைச் சில நாடுகளின் தியேட்டர்களில் இப்போது நடத்துகிறார்கள். விளக்கைச் சற்று எரியவிட்டு, ஓசையைக் குறைத்து வைக்கிறார்கள். நம் தியேட்டர்க்காரர்கள் வாரத்துக்கு ஒரு காட்சி அப்படி நடத்தினால் நஷ்டப்பட்டுவிட மாட்டார்கள்.

திறந்தவெளித் தியேட்டரின் விசேஷம் காரில் இல்லை; பத்தடி தூரத்தில் இருக்கிறது. இடைஞ்சல் என்று தோன்றாத தூரம், பதில் சொல்லக் கூடிய தூரம். தியேட்டரில் அது ஓரடியாகக் குறைந்துவிடுகிறது. வீட்டிலோ, ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு போனை வைத்துக் கொண்டு பார்க்கிறபோது, அளக்க முடியாதபடி வளர்ந்துவிடுகிறது.

இன்று பிரார்த்தனா இல்லை. அப்பாவும் இல்லை. போன மாதம் அந்தப் படத்தை வீட்டில் தனியாக, ஒருவரும் பேசாமல், ஒரு காட்சி விடாமல் பார்த்தேன். படம் சுமார்தான். திருடன் யார் என்பது இரண்டாவது காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. அப்பா கவனிக்கவில்லை போலிருக்கிறது. கணக்கப்பிள்ளை பரம சாது.

இருந்தாலும், முழி சரியில்லை என்பது வாஸ்தவம்.