நனைந்தால் நனையட்டும்: அந்தமானில் ஐந்து நாள் டிஜி-7

போனை நீர்புகாப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது. விரல் பட்டதை உணரும் திரை, சுற்றிலும் உப்புத் தண்ணீர் என்றால் குழம்பிப்போகும். மீன் வரும், போகும். நாம் தட்டிக்கொண்டே இருப்போம். முதல் அந்தமான் பயணத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. இந்த ஜனவரியில் போனபோது ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7 கேமராவைக் கையோடு கொண்டுபோனேன்.

கையில் எடுத்ததும்

ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021-இல் கைமாறி ஓஎம் சிஸ்டம் என்ற பெயருக்கு வந்த பிறகு, 2023-இல் வந்த மாடல் இது. எடை 249 கிராம்; சட்டைப் பையில் அடங்கும். 15 மீட்டர் ஆழம் வரை உறையில்லாமல் தாங்கும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்கிறார்கள். வேண்டுமென்றே போட்டுப் பார்க்க மனம் வரவில்லை. ஆனால் படகில் ஏறும்போது ஒருமுறை தானாகவே நழுவிப் பலகையில் விழுந்தது. எடுத்துத் துடைத்ததும் வேலை செய்தது. யூஎஸ்பி-சி துளை இருப்பதால் போன் சார்ஜரே போதும்.

பழகிக்கொள்ள வேண்டியவை இரண்டு. பேட்டரிக் கதவை மூடும் முன் ரப்பர் வளையத்தில் ஒரு மணலோ முடியோ ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இன்னொன்று, இது மிதக்காது. கைநழுவினால் நேரே அடிமண்தான். மிதவை வாரைத் தனியாக வாங்கி மாட்டிவிடுங்கள்.

தண்ணீருக்குள்

ஸ்வராஜ் தீவின் எலிஃபன்ட் பீச்சில் முகமூடியும் குழாயுமாக மிதந்தபோதுதான் இதன் அருமை புரிந்தது. அழுத்துவதற்கு நிஜமான பொத்தான். தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுவதால், சில மீட்டர் கீழே போனாலே படம் முழுக்க நீலம் பூத்துவிடும். இதிலுள்ள நீரடி முறைக்கு மாற்றியதும் பவளத்தின் பழுப்பும் மீனின் மஞ்சளும் ஓரளவு திரும்பி வந்தன. ஃபிளாஷை அணைத்துவிட்டேன், எரிந்தால் தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்வதுபோல் விழும். ஜூமை மறந்துவிட்டுப் பக்கத்தில் போய் எடுப்பதே நல்லது. இடையில் தண்ணீர் குறையக் குறைய படம் தெளியும். பக்கத்தில் என்றாலும் பவளத்தில் கால் படக் கூடாது.

கரையில்

மைக்ரோஸ்கோப் முறையில் லென்சுக்கு 1 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதைக்கூட எடுக்கலாம். காலாபத்தர் கரையில் சங்கைச் சுமந்து நடந்த துறவி நண்டின் கண்ணை எடுத்தேன். மணலில் குப்புறப் படுத்து, அலை வந்து கேமராவையும் என்னையும் நனைக்க நனைக்க. போனை வைத்துக்கொண்டு அப்படிப் படுத்திருக்க மாட்டேன்.

ராதாநகர் கடற்கரை அஸ்தமனத்தில் கதை மாறிவிட்டது. அந்தமான் இந்திய நேரத்தின் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் ஜனவரியில் 5.15 வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடுகிறது. சாவகாசமாக ஆறு மணிக்குப் போனால் இருட்டுதான். வெளிச்சம் மங்க மங்க டிஜி-7 திணறியது. எஃப் 2.0 லென்ஸ் இருந்தும் சென்சார் விரல்நகம் அளவுதான், 12 மெகாபிக்சல். படத்தில் புள்ளிகள் தலைகாட்டின. பல படங்களை ஒன்றாகச் சேர்த்துத் தரும் இன்றைய போனே அங்கே ஜெயித்தது.

ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்சின் வெளிப்பக்கம் வியர்க்கும். பத்து நிமிடம் முன்பே பால்கனியில் வைத்துவிட்டேன். மாலையில் குழாய்த் தண்ணீரில் உப்புப் போக அலச வேண்டும்.

ஊருக்கு அனுப்புவது

கேமரா தன் வைஃபையில் போனைச் சேர்த்துக்கொள்கிறது. செயலி வழியே படங்கள் போனுக்கு வருகின்றன. எல்லாவற்றையும் இழுக்காமல், கேமராவிலேயே பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது நேரத்தையும் பேட்டரியையும் மிச்சப்படுத்தும். சென்னையிலிருந்து இந்தத் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டதால், விடுதி வைஃபையிலேயே அன்றைய படங்கள் அன்றிரவே வீட்டுக்குப் போயின. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டால் படம் சுருங்கும். எச்டியாகவோ டாக்குமென்டாகவோ அனுப்புங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: பாராடாங் போகும் சாலையில் ஜாரவா பழங்குடி மக்களைப் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். அங்கே எந்தக் கேமராவும் பைக்குள்தான்.

வாங்கலாமா?

அமெரிக்காவில் சுமார் 550 டாலருக்கு வந்த கேமரா இது. வாழ்நாளில் ஒருமுறை தீவுக்குப் போகிறவர்கள் வாங்க வேண்டாம். ஸ்நார்கெல் வழிகாட்டிகளே பெரும்பாலும் நீரடிக் கேமராவில் எடுத்துத் தருகிறார்கள். வருடா வருடம் கடல், அருவி, மழைக்காடு என்று கிளம்புகிறவர்களுக்கும், குழந்தைகளோடு தண்ணீரில் ஆடுகிறவர்களுக்கும் காசு வீணாகாது. போனுக்கு மாற்றாக மட்டும் வாங்காதீர்கள்.

குடும்பக் குழுவில் கடைசியாகப் பதினான்கு படம் போட்டேன். அஸ்தமனங்கள் எல்லாம் போனில் எடுத்தவை. அவற்றுக்கு இதயங்கள் விழுந்தன. துறவி நண்டைப் பார்த்துவிட்டு அக்கா போன் செய்தே கேட்டாள்: "இதை எங்கடா படுத்து எடுத்தே?"