நாலு படி, நாலு சந்தா

திருவெள்ளறைக் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்குள்ள ஸ்வஸ்திகக் கிணற்றையும் எட்டிப் பார்ப்பார்கள். பல்லவன் தந்திவர்மன் காலத்தில், ஏறக்குறைய 800-ஆம் ஆண்டில், கம்பன் அரையன் வெட்டுவித்த மாற்பிடுகு பெருங்கிணறு அது. நான்கு பக்கமும் படிக்கட்டுகள். ஒரு துறையில் நிற்பவரை அடுத்த துறையில் நிற்பவர் பார்க்க முடியாது. ஆனால் எந்தப் படியில் இறங்கினாலும் தண்ணீர் ஒன்றுதான்.

அந்தக் கிணற்றடியில்தான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

"முப்பது வருஷ சர்வீஸிலே ஒரு சாக்பீஸைக்கூட வீட்டுக்குக் கொண்டு வந்தவனில்லை சார். இப்போது திருட்டுப் படம் பார்க்கிறேன்."

திருச்சியிலிருக்கும் மகனுடைய ஓடிடி சந்தாவில்தான் அவரும் படம் பார்த்து வந்தார். ஒரு நாள், அவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரல்ல என்று திரை அறிவித்துவிட்டது. பெற்ற தகப்பனைக் குடும்பத்திலிருந்து தள்ளிவைக்க இவர்கள் யார் என்று அவருக்கு ஆத்திரம். ஆனாலும் தனியே சந்தா கட்டினார். பாதி பார்த்திருந்த படம் மாதக் கடைசியில் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டது. அங்கே போனால் இன்னொரு சந்தா! கடைசியில் பேரன் அதைப் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தான். அது யார் எந்தக் குடும்பம் என்று விசாரிக்கவில்லை.

நான் எழுதிப் பிழைக்கிறவன். திருட்டுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஆசையில்லை. படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து பரப்புகிறவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று 2023-இல் சட்டத்தைத் திருத்தியதும் நியாயமே. ஆனால் காசு கொடுத்துக்கொண்டிருந்த மனிதர் ஏன் அந்தப் பக்கம் போனார் என்று சட்டம் கேட்காது. கம்பெனிகள் கேட்டிருக்க வேண்டும்.

விலை ஒரு காரணம்தான். அது அவர்களுக்கே தெரியும். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் 499 ரூபாய்ச் சந்தாவை 199-ஆகக் குறைத்தது. ஆனால் 2025 ஜூனில் அமேசான், ஏற்கெனவே பணம் கட்டியவர்களின் படத்துக்கு நடுவிலும் விளம்பரத்தைப் புகுத்தி, அது வேண்டாமென்றால் ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய் கட்டச் சொன்னது. காசு கொடுத்தவனுக்குத் தொல்லை, கொடுக்காதவனுக்குச் சௌகரியம் என்றால் எந்த வியாபாரம் உருப்படும்?

டைரக்டர் சேரன் 2015-இல் தம் படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேரே வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார். அந்த முயற்சி நிலைக்கவில்லை. இருந்தாலும் வாங்கியவர் வீட்டு அலமாரியில் அந்தத் தட்டாவது மிஞ்சியது. இன்றைய கம்பெனிகளின் கிணற்றில் படிக்குப் படி தனிக் கட்டணம். இன்று இங்கிருக்கும் தண்ணீர் நாளை அடுத்த படியில்.

அந்தப் படத்தின் பின்பாதி நன்றாகத்தான் இருந்ததாம். டைரக்டருக்குச் சேர வேண்டிய காசை யாரிடம் கொடுப்பது என்று ஆசிரியர் என்னைக் கேட்டார்.