சவர்க்கார விளம்பரமும் அதனைத் தொகுப்போர் கடனும்

தமிழ் உரைநடையின் வரலாற்றை ஆராயப் புகுவோர் நூல்களை நோக்குவர், தலையங்கங்களை நோக்குவர், கடிதங்களையுங்கூட நோக்குவர். அதே பத்திரிகையின் அடிப்பகுதியில், கட்டத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும் சவர்க்கார விளம்பரத்தை நோக்குவோர் மிகச் சிலரே. அச்சிலர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர் அல்லர். பழம்பொருளில் ஆசைகொண்ட தொகுப்பாளர். அவர்கள் சேர்த்துவைத்தமையாலேயே இன்று எஞ்சியிருப்பவை எஞ்சின என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயினும், அவர்கள் எதனைச் சேர்த்தார்கள், எதனைக் கைவிட்டார்கள், எவ்வாறு கத்தரித்தார்கள் என்பனவும் திறனாய்வுக்கு உரியனவேயாம்.

முதற்கண் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தமிழகத்தார் சோப்பு என்று வழங்குவதை ஈழத்தார் இன்றும் சவர்க்காரம் என்றே வழங்குகின்றனர். சவர் என்பது உவர்நிலத்தையும், காரம் என்பது துணியின் அழுக்கறுக்கும் பொருளையும் நினைவூட்டுவன. களர்நிலத்திலே தோண்டிய கிணற்று நீரில் ஆடை வெளுக்கும் பெண் ஒருத்தியைப் புறநானூற்று 311ஆம் பாட்டிலே காண்கின்றோம். உவர்மண்ணும் சாம்பலும் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் புளியும் விலைகொடாது, அன்றிச் சிறுவிலைக்கு, வீட்டுக்கு வந்த பொருள்கள். அவற்றுக்கு விளம்பரம் வேண்டியதில்லை. பெயரிட்டுப் பொதிந்த கட்டி வந்த பின்னரே, அழுக்கைப் பற்றி மக்களுக்கு அச்சிற் சொல்லவேண்டிய தேவை எழுந்தது.

அக்கட்டியை உலகெங்கும் பரப்பியவர் வில்லியம் லீவர். 1884இல் அவர் சன்லைற் என்னும் பெயரைச் சவர்க்காரத்துக்கு இட்டார். கடைக்காரர் பெருங்கட்டியிலிருந்து வெட்டி நிறுத்துக் கொடுத்த பொருள், உறையும் பெயரும் பெற்று விற்பனையாயிற்று. பெண்கள் ஆண்களினும் விரைவில் முதுமைத்தோற்றம் அடைவது ஏன் என்று வினாவி, துவைக்கும் கல்லின் மேல் விடையை வைத்த வாசகத்தை அமெரிக்க வணிகர் ஒருவரிடமிருந்து அவர் விலைக்கு வாங்கினார் என்பர். வாசகமும் சரக்காயிற்று! பாத்திரம் துலக்குதற்கு மங்கி பிறாண்ட் என்னும் கட்டி இருந்தது. 1904இல் விம் தூள் வந்தது. பெயர்ஸ் நிறுவனத்தார் 1899இல் வெளியிட்ட விளம்பரம் ஒன்று, கை கழுவும் கடற்படைத் தளபதியைக் காட்டி, இருண்ட நாடுகளுக்கு ஒளி தருதற்குச் சவர்க்காரமே வழியென்று பறைசாற்றிற்று.

ஆன் மக்கிளின்டொக் என்னும் அறிஞர் 1995இல் வெளிவந்த தம் நூலில் இவற்றை ஆராய்ந்து, பேரரசின் இனச்செருக்கு அறிவியல் ஏடுகளிலிருந்து இறங்கிச் சவர்க்கார உறைகளிற் குடிபுகுந்ததெனவும், வீட்டிலே உழைத்த பெண்ணின் கை அவ்விளம்பரங்களில் மறைக்கப்பட்டதெனவும் நிறுவினார். மங்கி பிறாண்ட் படங்களுக்கு அவர் கூற்று மிகப் பொருந்தும். அங்கே வேலை செய்வது குரங்கு. ஆனால் இக்கூற்றை அப்படியே பெயர்த்துத் தமிழ்ப் பத்திரிகைக்குச் சாத்துதல் தகாது. சன்லைற்றின் வாதமே துவைப்பவளின் நோவைக் குறைப்பதாகும். ஆதலின் துவைப்பவளை முற்றாக மறைத்தல் அதற்கு இயலாது. அவள் இருக்கின்றாள், புன்னகையோடு இருக்கின்றாள். மறைந்தது அவள் நிற்கும் இடம்.

இலங்கையில் வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தோன்றின. லீவர் பிறதர்ஸ் நிறுவனத்தின் இலங்கைக் கிளை 1938இல் அமைந்து, கொழும்பு கிறாண்ட்பாசில் ஆலை நடத்திற்று. விளம்பரம் காட்டும் வீட்டையும், அப்பத்திரிகைகள் சென்று சேர்ந்த சப்பிரகமுவத் தோட்டங்களையும் ஒருங்கு வைத்து நோக்குக. பெல்மதுளையைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் லயத்துப் பெண்ணுக்குக் குழாயும் தொட்டியும் இல்லை, பீலி உண்டு. பிரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்தெடுத்தோ பாலெடுத்தோ திரும்பிய பின்னர், பீலிக்கரையில் முறை காத்து நின்று துவைத்தாள். இறப்பர்ப் பால் ஆடையிற் காய்ந்தால் எக்கட்டியாலும் போகாது. அக்கறை பற்றிப் பேச எந்த விளம்பரமும் புகுந்ததாக அறியக்கூடவில்லை. வெண்மை ஒன்றே அழகென்ற வாசகம், கறையோடு கூடிய ஆடையையே வேலையுடுப்பாகக் கொண்டவளை நோக்கி எழுதப்பட்டதன்று. கடையிலே பற்றெழுதிச் சவர்க்காரத்துண்டு வாங்கியவளும் அவளே என்பது இதிலுள்ள முரண்.

இனித் தொகுப்புக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு துண்டறிக்கை, நாடக நோட்டீசு, திருமண அழைப்பு முதலியவற்றையும் பேணிவைத்தார். அவர் 1992இல் மறைந்த பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்க, அது 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாய் நிலைத்தது. ஒக்ஸ்போட் அச்சகத்தைச் சேர்ந்த ஜோன் ஜோன்சன் திரட்டிய துண்டுத்தாள்கள் 1968இல் போட்லியன் நூலகத்தை அடைந்தன. பலகை எழுதியவரும் அச்சடித்தவருமே இவ்வேலைக்கு முன்வந்தமை வியப்பன்று. தாளின் அருமையைத் தாளோடு பழகிய கை அறியும்.

பொதுத் தொகுப்பாளர் பலரோ அழகிய முகத்தை நாடுவர். 1941இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் விளம்பரத்தில் தோன்றினார். அதன்பின் வந்த நடிகையர் படங்கள் ஆர்வத்தோடு சேர்க்கப்படுகின்றன. பாத்திரத் தூளுக்கும் சலவை நீலத்துக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. குளிக்கும் சவர்க்காரம் கலையாயிற்று. துலக்கும் தூள் குப்பையாயிற்று. வீட்டில் எது மதிப்புப் பெற்றதோ அதுவே தொகுப்பிலும் மதிப்புப் பெறுகிறது என்பதையன்றி வேறு காரணம் கூறுதற்கில்லை.

இதனினும் பெருங்குறை கத்தரிக்கோலால் விளைவது. படத்தை வெட்டியெடுப்பவர் நாளையும் பத்திரிகைப் பெயரையும் பக்கத்துச் செய்தியையும் எறிந்துவிடுகின்றார். பசையிட்டு ஒட்டிய பின்னர் மறுபுறமும் அழிகின்றது. நாளற்ற நறுக்கு எந்த வினாவுக்கும் விடை தராது. போர்க்காலத்துத் தட்டுப்பாட்டில் வந்ததா, பின்னர் வந்ததா? அயலில் எந்தச் செய்தி இருந்தது?

நாள் குறித்த தாளின் பெறுமதியைத் தோட்டத்து மக்களினும் கசப்பாக அறிந்தவர் இலர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முற்பட்ட பத்தாண்டுகள், மணமானவராயின் ஏழாண்டுகள், இடையறாது இங்கு வாழ்ந்தமையை நிறுவவேண்டியிருந்தது. பிறப்புப் பதிவில்லாதவரும் பற்றுச்சீட்டைப் பேணாதவரும் எதைக்கொண்டு நிறுவுவர்? 1964 ஒக்டோபரில் இரு பிரதமரும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். அந்த ஆண்டுகளின் தமிழ்ப் பத்திரிகையிலே ஒரு பக்கத்தில் இச்செய்தியும் மறுபக்கத்தில் வெள்ளாடைப் பெண்ணும் அடுத்தடுத்து வந்திருத்தல் இயல்பு. படத்தை மட்டும் வெட்டியவர் அந்த அயலை அழித்தவராவர். விளம்பரம் யாரை வாங்குவோராகக் கண்டது, சட்டம் யாரைக் குடிகளாகக் காணவில்லை என்ற ஒப்பீடு அவ்வயலில்தான் கிடைக்கும்.

லயத்திலே பத்திரிகை நெடுநாள் வாழ்வதில்லை. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டபின், அது சாமான் சுற்றும் தாளாகும். அல்லது காம்பராச் சுவரில் ஒட்டப்பட்டுப் புகையிலே கறுக்கும். சவர்க்கார விளம்பரம் கரியேறிய சுவரில் இருந்து வெண்மையைப் போற்றுவது காண்பார்க்கு நகைப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தரும். 1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்களால் தோட்டங்களை விட்டு வடக்கே போனோர் சுவரைச் சுமந்து போகவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஈழநாடு பத்திரிகையகமும் அந்நாள்களில் எரியூட்டப்பட்டது. எஞ்சிய இதழ்களை 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம முயற்சி பக்கம் பக்கமாகப் படமெடுத்து வருகின்றது. அம்முறையில் விளம்பரமும் செய்தியும் நாளும் பிரிக்கப்படாமல் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. பத்திரிகைத்தாள் மரக்கூழின் புளிப்பால் தானே மஞ்சளித்து நொறுங்குவது. எனவே இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து வீடுகளிலே பழைய இதழ் ஒன்று அகப்படுமாயின், கத்தரிக்கோலை எடுக்குமுன் அதன் முழுப் பக்கத்தையும் படமெடுத்து, மேலே அச்சாகிய திகதி தெளிவாகத் தெரிகின்றதா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும்.