வட்டிக் கணக்கும் வர்க்க நோக்கும்

இலக்கியத் திறனாய்வு செய்வோர் கணக்கு நூல்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காவியமும் நாடகமும் ஒரு காலத்தின் மனத்தைக் காட்டும். வட்டி வாய்பாடு எதனைக் காட்டும் என்று அவர்கள் கேட்பர். மறுபுறத்திலே கணிதம் போதிப்போர், தம் துறை காலத்துக்கும் இடத்துக்கும் வர்க்கத்துக்கும் அப்பாற்பட்டது என்பர். இரு திறத்தாரும் ஒரே முடிவுக்கே வந்து சேர்கின்றனர்: கணக்கு நூலைச் சமுதாய ஆவணமாகப் படிக்க வேண்டியதில்லை என்பதே அது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதிக்காலந் தொடக்கம் பதினேழாம் நூற்றாண்டு முடியும்வரை ஐரோப்பிய வணிக நகரங்களிலே அச்சேறிய கணக்கு நூல்களை எடுத்து நோக்குவோமாயின், இம்முடிவு எத்துணைப் பிழையானது என்பது புலனாகும்.

1478 ஆம் ஆண்டில், வெனிஸ் குடியரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த ட்ரெவீசோ நகரில் ஒரு சிறு கணக்கு நூல் வெளிவந்தது. ஆண்டு குறிக்கப்பட்டு ஐரோப்பாவில் அச்சான கணக்கு நூல்களுள் இன்று அறியப்பட்டவற்றில் இதுவே முந்தியது. ஆசிரியர் பெயர் நூலில் இல்லை. வணிகத்தில் இறங்க விரும்பும் இளைஞருக்காக, இலத்தீனில் அல்லாது, வெனிஸ் மக்களின் பேச்சுமொழியிலேயே அது எழுதப்பட்டது. மடாலயத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரியதாயிருந்த எழுத்தறிவு கடைத்தெருவுக்கு இறங்கி வந்தமைக்கு இந்நூல் ஒரு சான்று.

அதிலுள்ள கணக்கொன்றைப் பார்ப்போம். பியேரோ, போலோ, சுவானே என்னும் மூவர் கூட்டு வணிகம் நடத்துகின்றனர். முறையே 112, 200, 142 டுக்கட் பொற்காசுகளை முதலாக இடுகின்றனர். இலாபம் 563 டுக்கட். ஒருவரும் வஞ்சிக்கப்படாதவாறு அதனைப் பங்கிட வேண்டும். மொத்த முதல் 454 ஆதலால், போலோவுக்கு ஏறத்தாழ 248 டுக்கட் கிடைக்கும் எனக் கண்டுகொள்ளலாம்.

இக்கணக்கின் சிறப்பு விடையில் இல்லை. நீதி பற்றி அது கொண்டுள்ள கருத்திலேதான் இருக்கிறது. நிலமானிய சமுதாயத்தில் ஒருவனுக்குரிய பங்கைத் தீர்மானித்தது அவன் பிறப்பு. இங்கோ மூவருக்கும் பட்டமில்லை, குலப்பெருமையில்லை; வெறும் பெயரும் அவர்கள் இட்ட தொகையுமே உள்ளன. அந்த அளவில் இது முற்போக்கானது. ஆனால், 563 டுக்கட் எங்கிருந்து வந்தது என்ற வினா எழுப்பப்படவில்லை. பொதி சுமந்தவன், துணி நெய்தவள், கப்பலில் துடுப்பு வலித்தவன் ஆகியோர் எவரும் இந்தப் பங்கீட்டில் இடம்பெறவில்லை. ‘ஒருவரும் வஞ்சிக்கப்படாதவாறு’ என்பதிலுள்ள ‘ஒருவர்’ முதல் உடையவர் மட்டுமே. புதிதாக எழுந்த வர்க்கமொன்று தன் நீதியை எல்லோருக்கும் பொதுவான நீதியாகக் காட்டும் முறையை, இத்துணைச் சுருக்கமாக வேறெங்கும் காண்பதரிது.

வட்டியைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் சிக்கலானது. கடனுக்கு வட்டி வாங்குவது பாவம் என்பது திருச்சபையின் போதனை. ஆனால், பணமின்றி வணிகமும் நடவாது, போரும் நடவாது. எனவே வேறு வழிகள் பிறந்தன. ஒருவர் மொத்தத் தொகையொன்றைக் கொடுத்து, ஆண்டுதோறும் வரும் வருமானத்தை ‘விலைக்கு வாங்கினால்’ அது கடனன்று, கொள்வனவு ஆகும் என்று கூறப்பட்டது. 1425 இல் பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டின் இத்தகைய ஒப்பந்தத்தை அங்கீகரித்தார். ஆண்டுத்தொகை என நாம் இன்று கற்பிக்கும் கணக்கு இவ்வாறு சமயத் தடையின் நிழலிலே வளர்ந்ததாகும். 1494 இல் வெனிஸில் பெருங் கணித நூலொன்றை வெளியிட்டு, அதில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையையும் விளக்கிய லூக்கா பச்சோலி, பிரான்சிஸ்கன் சபைத் துறவி என்பதும் மனங்கொளத்தக்கது. 72 ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் முதல் இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிடைக்கும் என்ற விதியை அவரது நூலிலே காண்கிறோம். போதனை ஒன்றாகவும் பொருளியல் வேறொன்றாகவும் இருக்கும்போது, எது வெல்லும் என்பதை இது காட்டுகின்றது.

இனி, பிரான்சுக்கு வருவோம். ஆண்டுக்கு நான்கு பெருஞ்சந்தைகள் கூடிய லியோன் நகரத்தில், 1558 இல் ஜான் ட்ரான்ஷான் என்பவரது கணக்கு நூல் வெளிவந்தது. கூட்டுவட்டி அட்டவணையை அச்சில் தந்த முதல் நூல்களுள் ஒன்று அது. அதிலே அரசனே கணக்காகி நிற்கிறான். இரண்டாம் ஹென்றி மன்னன் போர் நடத்துவதற்காக வங்கியாளரிடம் சந்தைக்கு நூற்றுக்கு 4 வீதம் வட்டிக்குப் பணம் பெற்றான். 1555 இல் வேறொரு நிபந்தனையும் எழுந்தது: சந்தைக்கு 5 வீதம் 41 சந்தைகளுக்குக் கொடுத்தால் முதலும் தீர்ந்துவிடும். இவ்விரண்டில் வங்கியாளருக்கு நன்மையானது எது என்பதே கேள்வி.

நாமே கணித்துப் பார்க்கலாம். 100 காசுக்குக் கொடுக்கும் 5 இல், 4 வட்டி எனக் கொண்டால் 1 மிஞ்சும். அந்த ஒன்று சந்தைதோறும் சேர்ந்து, 4 வீதக் கூட்டுவட்டியில் வளர்ந்தால், 41 சந்தைகளின் முடிவில் 99.83 ஆகும். முதலை மீட்கக் காற்காசுக்கும் குறைவே தேவை. அதாவது இரண்டும் ஏறத்தாழ ஒன்றே; மயிரிழையளவில் முதலாவதே வங்கியாளருக்கு இலாபம். இந்த நிபந்தனையை வகுத்தவர்கள் கூட்டுவட்டியை எத்துணை நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால், சந்தைதோறும் கொடுக்கவேண்டிய அந்தத் தொகை வரியாக யாரிடமிருந்து வரும் என்பதைக் கணக்கு கேட்கவில்லை. போரில் யார் மடிவர் என்பதையும் கேட்கவில்லை. 1557 இல் சென் கன்தான் போர்க்களத்தில் பிரெஞ்சுப் படை தோற்றது. கடன் தவணைகள் தடுமாறின. 1559 இல் மன்னனும் மாண்டான். பெரு வங்கியாளரோடு சேர்ந்து சிறு சேமிப்பாளரும் அந்தக் கடனில் பணம் இட்டிருந்தனர். வாய்பாடு பொய்க்கவில்லை, வாய்பாட்டுக்குள் அடங்காத சமுதாயமே குறுக்கிட்டது.

இந்நூல் வரிசையிலே நம் பெருமதிப்புக்கு உரியவர் சைமன் ஸ்டெவின். புரூஜ் நகரிற் பிறந்த இவர், 1582 இல் அன்ட்வேர்ப்பிலுள்ள பிளான்டின் அச்சகத்தின் வாயிலாக வட்டி அட்டவணைகளை வெளியிட்டார். நூற்றுக்கு 1 முதல் 16 வீதம்வரை, 30 ஆண்டுகளுக்கான எண்கள் அதில் உள்ளன. இத்தகைய அட்டவணைகள் முன்னரே கையெழுத்துப் படிகளாக இருந்தன என்றும், வைத்திருந்தோர் அவற்றைப் பெரிய இரகசியங்களாக மறைத்தனர் என்றும் ஸ்டெவினே கூறுகின்றார். ஏன் மறைத்தனர்? கடன் கொடுப்பவனிடம் அட்டவணை உண்டு. கடன் வாங்குபவனிடம் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வே ஒரு மூலதனம். அதனை அச்சிலே வெளியிட்டது வெறும் பதிப்பு முயற்சியன்று. அறிவின் தனியுடைமைக்கு எதிரான செயல். மூன்றாண்டுகளின் பின் தசமக் கணிப்பை ஒல்லாந்த மொழியிலே சிறு நூலாகத் தந்து, நிலம் அளப்போரையும் துணி அளப்போரையும் வணிகரையும் விளித்தவரும் இவரே. தாய்மொழியில் விஞ்ஞானம் முடியுமா என்று ஐயுறுவோர் நம்மிடையே இன்னும் உளர். அவர்கள் ஸ்டெவினை நினைத்தல் நன்று.

அடுத்த நூற்றாண்டிலே மனித ஆயுளும் அட்டவணைக்குள் வருகின்றது. வாங்குபவரின் வயதை நோக்காது ஆயுள் ஆண்டுத்தொகைகளை விற்றுவந்தது ஒல்லாந்து அரசு. 14 ஆண்டு வருமானத்துக்கு விற்கும் தொகை உண்மையில் 16 ஆண்டு வருமானம் பெறுமென 1671 இல் காட்டினார் அரசின் தலைவர் ஜோகான் டி விட். 1693 இல் எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லவ் நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு வயதுக்கேற்ற விலையைக் கணித்தார். பிறந்தோரில் பாதிப்பேர் 17 ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றனர் என்ற கொடிய உண்மை அவர் அட்டவணையிலிருந்து வெளிப்பட்டது. அதிலிருந்து அவர் பெற்ற போதனை யாது? வாழ்வு குறுகியதென நாம் முறையிடுவது நியாயமன்று என்பதே! பிள்ளைகள் ஏன் மடிகின்றனர் என்று கேட்க அந்த எண்களே வழி திறந்திருந்தன. அவ்வழியில் அவர் செல்லவில்லை.

எனவே இந்நூல்களை எவ்வாறு மதிப்பிடுவது? வட்டிக்காரரின் கருவிகள் என ஒதுக்குவது எளிது. ஆனால் அது வரலாற்று நோக்கு ஆகாது. இலத்தீனையும் இரகசியத்தையும் உடைத்தவை இவை. தூய அறிவு எனப் போற்றுவதும் தவறு. எதனைக் கேட்கலாம், எதனைக் கேட்கலாகாது என்று வரம்பு கட்டியவையும் இவையே. இவை திறந்த கதவை நாம் பேணவேண்டும். இவை கட்டிய வரம்பை நாம் தாண்டவேண்டும்.

இது பழங்கதை அன்று. போருக்குப் பின் நம் கிராமங்களிலே நுண்கடன் வாங்கி அல்லலுற்ற பெண்களை நாம் அறிவோம். 100 ரூபா கடனுக்கு ஆண்டுக்கு 20 வீதம் எனச் சொல்லி, மாதம் 10 ரூபாவாக 12 தவணைகளில் 120 ரூபாவை அறவிடுவதாகக் கொள்வோம். முதல் மாதந்தோறும் குறைந்துவர, வட்டியோ முழு முதலுக்கும் கணிக்கப்பட்டுள்ளது. ஸ்டெவினின் முறைப்படி பார்த்தால் உண்மையான வீதம் ஆண்டுக்கு 35 ஐ அண்மும். இதனைக் காட்டும் கணிதம் அச்சேறி நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் கையொப்பமிடும் பெண்ணின் கைக்கு அது இன்னும் எட்டவில்லை.

கூட்டுவட்டியைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்கள் விடையோடு நின்றுவிடலாகாது. இக்கணக்கிலே கடன் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், தவணை எவருடைய உழைப்பிலிருந்து வருகிறது என்றும் மாணவர் கேட்கப் பழக வேண்டும். அவ்வாறு கேட்பதனாற் கணிதத்தின் தூய்மை கெட்டுவிடாது. அதன் பயன் உரியவரைச் சென்றடையும்.