பட்டறைப் பையனும் பேரணிப் பாட்டும்

துருக்கியில் ராக் சங்கீதத்தை ஏழைகளின் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியவர்களைப் பற்றிப் பேசப் புகுவோர், ஜெம் கராஜா என்ற பாடகரையும் அவர் 1974-இல் அமைத்த தெர்விஷான் குழுவையும் விட்டுவிட்டு ஓரடியும் நகர முடியாது. நான்கே ஆண்டுகள் வாழ்ந்து 1978-இல் கலைந்துபோன அக்குழு, கலை ஜனங்களுக்காக வாய் திறக்கும்போது எங்கே வெல்கிறது, எங்கே தன் குரலையே பறிகொடுக்கிறது என்னும் இரண்டையும் தன் சொற்ப ஆயுளுக்குள் காட்டிவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

மேடை நடிகர்களான பெற்றோருக்கு 1945-இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர் கராஜா. 1967-இல் ஹுர்ரியெத் பத்திரிகையின் ‘தங்க ஒலிவாங்கி’ப் போட்டியில் அபாஷ்லார் குழுவோடு கலந்துகொண்டு, எம்ரா என்னும் பழைய நாடோடிக் கவியின் பாட்டைப் பாடி இரண்டாம் பரிசு பெற்ற நாளிலேயே, அனத்தோலியக் கிராமத்துப் பாணர்களின் சொல்லை மின்சாரக் கிதாரின்மேல் ஏற்றும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. பிறகு மொகொல்லார் குழுவோடு சேர்ந்து அவர் பாடிய ‘நாமுஸ் பெலாசி’ நாடெங்கும் ஒலித்தது. ஆனால் அக்குழுவைச் சேர்ந்த ஜாஹித் பெர்க்காய் பிரான்ஸை நோக்கிப் புறப்பட்டபோது, கராஜா சொந்த மண்ணிலேயே தங்கித் தெர்விஷானைத் தொடங்கினார். தர்வேஷ்கள், அதாவது சூஃபித் துறவிகள், என்று பொருள்படும் அப்பெயரில் ஞானிகளின் வாசனை இருந்தாலும், பாட்டுகளில் அடித்தது பட்டறை எண்ணெயின் வாசனைதான்.

1975-இல் வெளிவந்த ‘தாமிர்ஜி சிராயி’யை எடுத்துக்கொள்வோம். ‘பட்டறைப் பையன்’ என்று நம் வழக்கில் சொல்லலாம். கார் பழுது பார்க்கும் பட்டறையில் எடுபிடி வேலை செய்யும் ஓர் இளைஞன், வண்டியை விட்டுச் செல்ல வந்த செல்வர் வீட்டுப் பெண் ஒருத்தியைக் கண்டு, தான் படித்த காதல் நாவல் ஒன்றின் கதையே தன் வாழ்விலும் நடக்கப்போவதாக நம்பி, அவள் திரும்பி வரும் நாளன்று வேலை உடையைக் களைந்து, தலைவாரி, கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான். வந்தவளோ, காரின் கதவைத் திறந்துவிட்ட அவனை யாரோ ஒரு தெருப்பொறுக்கியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கார்ப்புகையில் அவனை மூச்சுமுட்ட விட்டுப் போய்விடுகிறாள். கண்ணீரோடு நிற்கும் பையனின் முதுகைத் தட்டி, நாவல்களை மறந்துவிட்டு வேலை உடையை மாட்டிக்கொள்ளச் சொல்கிறார் பட்டறை முதலாளி. வர்க்கம் என்ற ஒரு சொல்லுக்கு ஆயிரம் பிரசங்கங்கள் தர முடியாத அர்த்தத்தை அந்த உடை தந்துவிடுகிறது. முதலாளியின் வார்த்தை ஆறுதலா, அறிவுரையா, அல்லது தண்டனைத் தீர்ப்பா என்று பாட்டு சொல்வதில்லை. அந்த மௌனத்தில்தான் அதன் கௌரவம் இருக்கிறது.

நாடகக் குடும்பத்தில் வளர்ந்த குரல் அது. முதலாளி பேசும்போது முதலாளியாகவும் பையன் ஏங்கும்போது பையனாகவும் மாறி மாறி ஒலிக்கும் அக்குரலுக்கு, ஊர் தெம்மாங்கின் சாயலும் மேல்நாட்டுத் தாளத்தின் வேகமும் கலந்த வாத்தியங்கள், அதிலும் உகுர் திக்மெனின் விசைப்பலகை, ஏற்ற துணையாக நின்றன.

1977-இல் காற்று திசை மாறியது. ‘வறுமை விதியாகாது’ என்று பொருள்படும் தலைப்போடு ஓர் இசைத்தட்டும், ‘1 மே’ என்ற தனிப்பாட்டும் அவ்வாண்டில் வெளிவந்தன. பின்னது, கார்க்கியின் ‘தாய்’ நாவலை ஆதாரமாகக் கொண்டு பிரெக்ட் எழுதிய நாடகத்தை அங்காரா கலை அரங்கத்தார் மேடையேற்றியபோது, அதற்கென்றே சார்பெர் ஓஸ்ஸான் இயற்றிய அணிவகுப்புக் கீதம். அதே ஆண்டு மே முதல் நாளன்று இஸ்தான்புல்லின் தக்ஸிம் சதுக்கத்தில் திரண்டிருந்த தொழிலாளர் கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்து, முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்படிப்பட்ட காலத்தில் தனி மனிதனின் ஏக்கத்தைப் பாடிக்கொண்டிரு என்று ஒரு கலைஞனுக்குச் சொல்ல எனக்கு மனம் துணியவில்லை. ஜனங்கள் கூடி நடக்கும்போது அவர்கள் காலடிக்கு ஒரு தாளம் வேண்டியிருந்தது. தெர்விஷான் அதைக் கொடுத்தது.

ஆயினும் சங்கீதம் என்ற அளவில் பார்த்தால், நஷ்டம் நஷ்டம்தான். அணிவகுப்புக் கீதத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், ஆனால் கண்ணாடி முன் தலைவாரி நிற்கும் அந்த ஒருவன் இல்லை. குரலின் நெளிவு சுளிவுகள் மறைந்து, எந்தக் குழுவும் எந்தப் பாடகனும் பாடியிருக்கக்கூடிய பொதுக் கம்பீரம் மட்டுமே மிஞ்சிவிடுகிறது. கேட்பவன் சம்மதிப்பவனாக ஆகிறானே தவிர, எதையும் புதிதாகக் கண்டுகொள்வதில்லை. இன்னொரு குறையையும் மறைப்பதற்கில்லை: அந்தப் பட்டறைப் பாட்டிலேயே, பெண்ணானவள் கார் ஏறிச் செல்லும் அலட்சியமாகவே நிற்கிறாளன்றி, அவளுக்கென்று ஒரு மனம் உண்டென்று ஆசிரியர் நினைத்துப் பார்க்கவில்லை.

இக்குறையைக் கராஜாவே உணர்ந்தாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தெர்விஷான் கலைந்த பின், நாட்டின் மேல்கோடி எதிர்னேயையும் கீழ்க்கோடி அர்தஹானையும் ஒரே பெயரில் முடிந்து ‘எதிர்தஹான்’ என்ற குழுவைக் கூட்டிய கராஜா, 1978-இல் ‘சாஃபினாஸ்’ என்னும் ஏழைப் பெண் ஒருத்தியின் கதையை, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பும் நெடும்பாட்டாகப் பாடினார். இம்முறை கதையின் நடுவில் நின்றவள் ஒரு பெண்.

அந்த வழியில் அவர் எவ்வளவு தூரம் போயிருப்பாரோ, பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1979-இல் மேற்கு ஜெர்மனிக்குச் சென்றவர், மறு ஆண்டு செப்டம்பர் 12-இல் துருக்கியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதால் திரும்ப முடியாமற்போய், 1983-இல் குடியுரிமையையும் இழந்து, 1987-இல்தான் ஊர் வந்து சேர்ந்தார். அந்நிய மண்ணில் 1984-இல் அவர் ஜெர்மன் மொழியில் பாடி வெளியிட்ட இசைத்தட்டுக்கு ‘டீ கனாக்கன்’ என்று பெயர் வைத்தார். அங்கே கூலி வேலைக்கு வந்த துருக்கியரை இழித்துக் கூப்பிட ஜெர்மானியர் வழங்கிய வசைச்சொல் அது.