உருக்கு விலைக்கு மேலே: திருகோணமலையின் பெயர் தாங்கிய பதக்கங்கள்

வெள்ளி நினைவுப் பதக்கம் எதுவாயினும் அதற்கு இரண்டு விலைகள் உண்டு: உருக்கினால் கிடைக்கும் உலோகத்துக்கு அன்றைய சந்தை தருவது ஒன்று, உருக்காமல் வைத்திருக்க விரும்புபவர் தருவது மற்றொன்று. பெரும்பாலான பதக்கங்களில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒட்டியே நிற்க, மிகச் சிலவற்றில் மட்டும் இரண்டாவது விலை முதலாவதைப் பல மடங்கு கடந்து போய்விடுகிறது. இந்த ஏற்றம் எதனால் வருகிறது என்று ஆராய்வதற்குத் திருகோணமலைத் துறைமுகம் வசதியான ஓரிடமாகும்; ஏனெனில் இத்துறைக்காகப் போரிட்ட பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்த நினைவை உலோகத்திற் பொறித்து வைத்துள்ளனர், அவ்வாறு பொறித்தவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால் விலையேறி நிற்கின்றன.

1782 ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரன் திருகோணமலையைக் கைப்பற்றினார். செப்டெம்பர் 3 அன்று துறைக்கு வெளியே ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கப்பற்படையோடு மோதினார். அவர் நாடு திரும்பியபின், பிறந்த மாகாணமான புரோவான்ஸின் பிரதிநிதிச் சபை 1784இல் அவருக்கு ஒரு பதக்கம் அச்சிட்டுச் சிறப்புச் செய்தது. அதன் முன்பக்கத்தில் சஃப்ரனின் பக்கவாட்டு உருவம் உள்ளது. பின்பக்கத்தில் நன்னம்பிக்கை முனை காக்கப்பட்டது, திருகோணமலை பிடிக்கப்பட்டது, கடலூர் விடுவிக்கப்பட்டது, இந்தியா பாதுகாக்கப்பட்டது, ஆறு போர்கள் புகழோடு நடந்தன என்ற பட்டியல் வரிவரியாக நிற்கிறது. சோழமண்டலக் கரையில் உள்ள ஓர் ஊரும் இலங்கையின் கீழ்க்கரையில் உள்ள ஓர் ஊரும் ஒரே வட்டத்துக்குள் பிரெஞ்சு எழுத்தில் அடுத்தடுத்து அமைந்த அரிய பொருள் இது.

ஆயினும் இப்பதக்கத்தைச் சேகரிப்பாளர் தேடுவது ஊர்ப்பெயருக்காக மட்டுமன்று, அதன் அச்சை வெட்டிய கைக்காகவும்தான். அதை வெட்டிய ஒகுஸ்தீன் துப்ரே 1748இல் ஆயுதத் தொழிலுக்குப் பெயர்போன சென்-ஏத்தியேன் நகரில் பிறந்தவர்; 1791இல் பிரெஞ்சு நாணயங்களின் தலைமைச் செதுக்குநராக உயர்ந்தவர். அக்காலத்தில் அச்சு என்பது எஃகுக் கட்டியில் உருவத்தைத் தலைகீழாகவும் பள்ளமாகவும், பதக்கத்தின் அதே அளவில், கையுளியால் நேரடியாக வெட்டுவதாகும். பெரிய களிமண் மாதிரியொன்றைச் செய்து, அதைக் குறைப்புப் பொறியால் சிறிதாக்கி எஃகில் இறக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிற்றான் பரவியது. பெரிய மாதிரியில் அழகாய்த் தெரியும் நுணுக்கம் சிறிதாகும்போது மழுங்கிவிடுவதால், பொறி வழி வந்த பதக்கங்கள் பலவற்றில் முகம் மெழுகு பூசியது போல் வழவழப்பாக இருக்கும். துப்ரேயின் கன்ன எலும்பும் முடியிழையும் அவ்வாறு இரா. உளி திரும்பிய இடத்தில் ஒளியும் திரும்புகிறது.

நாணயத்துக்கும் பதக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். அடுக்கி வைக்கவும் கைமாறவும் வேண்டிய நாணயம் தாழ்ந்த புடைப்புடன் ஒரே அடியில் அச்சாகிறது. பதக்கமோ செலாவணி அன்று. அதன் புடைப்பு, அதாவது தளத்துக்கு மேல் உருவம் எழுந்து நிற்கும் உயரம், செதுக்குநர் விரும்பிய அளவு இருக்கலாம். அந்த உயரத்துக்கு ஒரே அடியில் வெள்ளி ஏறாது என்பதால், திருகு அழுத்தப் பொறியில் ஓர் அடி கொடுத்து, இறுகிய உலோகத்தை உலையிற் சூடாக்கி இளக்கி, மீண்டும் அச்சுக்கிடையில் வைத்து அடிக்கின்றனர். இவ்வுழைப்பை மிச்சப்படுத்திய பதக்கங்கள் பெரிய நாணயங்களைப் போலத் தட்டையாகவே இருக்கின்றன. சந்தையும் அவற்றைப் பெரும்பாலும் எடைக்கே வாங்குகிறது.

பாரிஸ் நாணயச்சாலை தன் பழைய பதக்கங்கள் பலவற்றைக் காலந்தோறும் மறுபடியும் அச்சிட்டு வந்திருக்கிறது. எனவே ஒரே உருவத்துக்கு முதலச்சும் மறுஅச்சும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குப் பார்க்க வேண்டிய இடம் முகமன்று, விளிம்பு. 1832க்கு முற்பட்டவற்றின் விளிம்பு வெறுமையாக இருக்கும். அதன்பின் நாணயச்சாலை ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சிறு முத்திரையை விளிம்பிற் குத்தத் தொடங்கியது: முதலில் பண்டைய விளக்கு, பின்னர் நங்கூரம், அடுத்துக் கப்பல் முகப்பு, 1845 முதல் சுட்டும் கை, 1860 முதல் தேனீ, 1880 முதல் வளக்கொம்பு, கூடவே உலோகத்தின் பெயரும். கடுகளவே உள்ள இம்முத்திரையைப் பூதக்கண்ணாடியிற் பார்த்தவுடன் பதக்கத்தின் விலை பல படிகள் ஏறவோ இறங்கவோ கூடும். அச்சும் வயதை ஒளிப்பதில்லை: துருப்பிடித்த அச்சில் விழுந்த குழிகள் பதக்கத்தின் தளத்தில் சிறு பருக்களாக எழுந்து, அது பிந்தி அடிக்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலச்சுக்கும் மறுஅச்சுக்கும் உள்ள இந்த வேறுபாட்டின் முழு வீச்சையும் துப்ரேயின் இன்னொரு பதக்கத்தில் காணலாம். பெஞ்சமின் பிராங்க்ளின் கேட்டுக்கொண்டதன் பேரில் 1783இல் வெளிவந்த ‘லிபர்த்தாஸ் அமெரிக்கானா’வில், காற்றில் அலையும் கூந்தலுடன் சுதந்திர தேவியின் தலையும், பின்பக்கத்தில் பாம்புகளை நெரிக்கும் குழந்தை ஹெர்குலிஸும் உள்ளனர். அமெரிக்காவின் தொடக்ககாலச் செப்புக் காசுகளில் வந்த தலைக்கு இதுவே முன்மாதிரி என்பதால், நல்ல நிலையிலுள்ள வெள்ளி முதலச்சு ஏலத்தில் இலட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டியதுண்டு. அதே உருவத்தைப் பாரிஸ் நாணயச்சாலை அண்மைக் காலத்தில் வெள்ளியில் மீண்டும் அச்சிட்டபோது அந்தப் பிரதிகளும் வெள்ளி விலைக்கு மேலேயே விற்றன. கடன்வாங்கிய அழகு என்று அவற்றை ஒதுக்குவாரும் உளர். எனினும் நல்ல உருவத்துக்கு இரண்டாம் அச்சிலும் மதிப்பு இருப்பதை மறுப்பதற்கில்லை.

அழகே இல்லாமல் விலையேறுவதும் உண்டு. 1795இல் பிரித்தானியப் படை திருகோணமலையை முற்றுகையிட்டு, பின்னாளில் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர்பெற்ற கோட்டையை ஓகஸ்ட் 26 அன்றும், உள்துறையைக் காத்த ஒஸ்ரன்பேர்க் கோட்டையை அதே மாத முடிவிலும், அப்போது அவற்றை வைத்திருந்த ஒல்லாந்தரிடமிருந்து பெற்றது. அந்த இலங்கைப் போரில் பணிசெய்த வங்காளப் பீரங்கிப் படையினருக்காகக் கிழக்கிந்தியக் கம்பனி பல ஆண்டுகள் கழித்து ஒரு பதக்கம் வழங்கியது. அதில் உருவமே கிடையாது. ஒருபுறம் ஆங்கில எழுத்து, மறுபுறம் பாரசீக எழுத்து. பொன்னில் 2, வெள்ளியில் 121 என்பதே வழங்கிய கணக்கு. இத்தொகை விற்பனைக்காக வகுத்த வரம்பன்று; அப்படையில் இருந்த ஆட்களின் கணக்கு. இது துப்ரேயின் அருகில் வைக்கத் தக்க கலைப்பொருள் அன்று என்பது கண்கூடு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்பு இருந்தது என்பதே அதன் விலை.

இதற்கு நேர்மாறானது ‘இத்தனையே அச்சிடுவோம்’ என்ற விளம்பரத்தோடு வரும் பதக்கம். 1964இல் தொடங்கிய அமெரிக்காவின் பிராங்க்ளின் மிண்ட் நிறுவனம் சந்தாதாரருக்குத் தொடர்தொடராக அனுப்பிய ஸ்டேர்லிங் வெள்ளிப் பதக்கங்கள், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி கொண்டவை, இன்று பெரும்பாலும் உருக்கு விலையிலேயே கைமாறுகின்றன. வாங்கியவர் அனைவரும் பெட்டியோடு பத்திரப்படுத்தியதால் எதுவும் அரிதாகவில்லை. 1980 சனவரியில் வெள்ளி ஓர் அவுன்சு 50 டொலரை நெருங்கியபோது பல பதக்கங்கள் உலைக்குப் போயின. இலங்கையிலும் உலை வேலை செய்திருக்கிறது: புத்த சமயத்தின் 2500ஆம் ஆண்டு நினைவாக 1957இல் வெளிவந்த 28.28 கிராம் எடையுள்ள ஐந்து ரூபா ஸ்டேர்லிங் நாணயம் 5 இலட்சம் அச்சாகி, அதிற் பாதிக்கு மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டன. எஞ்சியவை பல இருப்பதால் அதன் விலை எடைவிலையைவிட அடக்கமாகவே மேலே நிற்கிறது.

வெள்ளியே இல்லாத ஒரு பதக்கத்தையும் இக்கணக்கிற் சேர்க்க வேண்டும். நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்த ‘ஃபூட்ராயண்ட்’ 1897 சூனில் பிளாக்பூல் கரையில் உடைந்தபோது, அதை வைத்திருந்த வீட்லி கொப் அதன் செப்பிலிருந்து நினைவுப் பதக்கங்கள் செய்வித்து விற்றார். இழந்த கப்பலுக்கு ஈடாக வாங்கிய மரக்கப்பலுக்கும் அதே பெயரைச் சூட்டினார். அந்த இரண்டாம் கப்பலின் இயற்பெயர் ‘திருகோணமலை’. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டியது. 1992இல் பழைய பெயரை மீளப்பெற்று, இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. பிளாக்பூல் செப்புக்கு எடைவிலை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆயினும் அப்பதக்கங்கள் இன்றும் விலைபோவது, அந்த உலோகம் எந்தக் கப்பலில் இருந்தது என்பது பதக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருப்பதாலாகும்.

இத்தகைய பொருள் திருகோணமலைப் பக்கத்து வீடொன்றின் பழம்பெட்டியில் இருந்து வெளிப்பட்டால் முதலில் நேரக்கூடிய ஆபத்து திருடனால் அன்று, விபூதியால். குத்துவிளக்கையும் வெள்ளிச் செம்பையும் புளியும் விபூதியும் இட்டுத் தேய்க்கும் வழக்கம் பதக்கத்துக்கு ஆகாது. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு கூடி, காலப்போக்கில் நீலமும் சாம்பலும் கலந்த மெல்லிய படலமாகப் படிகிறது. புடைப்பின் பள்ளங்களில் அது தங்குவதாற்றான் உருவம் ஆழம் பெறுகிறது. தேய்த்தால் படலத்தோடு உயர்ந்த இடங்களிலுள்ள உளித்தடமும் போய்விடும். வாங்க வருபவர் நுண்கீறல்களைக் கண்டவுடன் தராசை எடுப்பார். வெந்நீரில் கழுவி, ஒற்றி உலர்த்தி, கந்தகமற்ற தாளிற் சுற்றி, காற்றுப் புகாத பெட்டியில் விளிம்பைப் பிடித்து வைப்பதே அதற்குப் போதும்.